ஒத்திகை இல்லாத அல்லேலூயாவா?

வாசிக்க வேண்டிய வேதபகுதி: 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம், 2 நாளாகமம் 5:11-14



கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நம்முடைய பாடகர் குழு சபையின் மாடி அறையில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தது. நம் மூத்த விசுவாசி ஒருவர் படியேறி வந்து கதவோரம் நின்று கேட்டார். நாங்கள் அப்போது ஒரே வரியைப் பதினோராவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தோம். அவர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், நாம பெந்தெகொஸ்தேக்காரங்க. ஆவியானவர் இறங்கினா பாட்டு தானா வரும். இப்படி ஒரே வரியைப் போட்டு அரைச்சுக்கிட்டே இருந்தா இது ஆராதனையா, கச்சேரியா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவர் சண்டைக்கு வரவில்லை, பாரத்தோடு கேட்டார். உள்ளே பதினாறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த மாத வேதபாடத்தை அவருக்குப் பதிலாகவே எழுதுகிறேன். கூடவே, இந்தக் குழுவை நடத்துகிறதில் நான் செய்த ஒரு தப்பையும் சபைக்கு முன்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தகுதி இல்லை.

முதலில் வேதத்தைத் திறப்போம். தாவீது ராஜா ஆலயப் பாடகர்களை ஒழுங்குபண்ணின விவரம் 1 நாளாகமம் 25-ல் இருக்கிறது. ஆசாப், எதுத்தூன், ஏமான் என்று மூன்று தலைவர்கள். ஆசாபின் குமாரர் 4 பேர், எதுத்தூனின் குமாரர் 6 பேர், ஏமானின் குமாரர் 14 பேர், ஆக 24 பேர். ஒவ்வொருவரும் தம்மைச் சேர்ந்தவர்களோடு 12 பேர். 24-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 288 வரும். ஏழாம் வசனமும் அதே கணக்கைத்தான் சொல்லுகிறது. அந்த 288 பேரும் பாட்டில் பயிற்சி பெற்றுத் தேறினவர்கள் என்றும் அங்கே பார்க்கிறோம். அதற்கு முன்பு 15-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனத்தில் கெனானியா என்ற ஒருவன் வருகிறான். பாட்டு சொல்லிக்கொடுக்கிற வேலை அவனுக்குக் கொடுக்கப்பட்டது. காரணம் என்ன? அவனுக்கு அந்த வேலை தெரியும், அவ்வளவுதான்.

இப்போது 2 நாளாகமம் 5-க்கு வாருங்கள். ஆலயப் பிரதிஷ்டை நாள். பூரிகை ஊதுகிற ஆசாரியர் மட்டும் 120 பேர், அவர்களோடு பாடகர் கூட்டம். அத்தனை பேரும் சேர்ந்து எழுப்பின சத்தம் ஒரே சத்தமாய்க் கேட்டது என்று எழுதியிருக்கிறது. மேகம் ஆலயத்தை நிரப்பினது அந்த வேளையில்தான். பிரியமானவர்களே, 120 பூரிகையும் ஒரு பெரிய பாடகர் கூட்டமும் ஒரே சத்தமாய்க் கேட்பது தற்செயலாய் நடக்கிற காரியமா? நம் குழுவில் பதினாறு பேரை ஒரே சத்தமாக்க நான் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

25-ஆம் அதிகாரத்தில் எட்டாம் வசனம் ஒன்று இருக்கிறது. பல வருஷமாக அதை நான் தாண்டித் தாண்டிப் போனவன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் பட்டணத்துக்குப் பாடகர் குழு புதிது அல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-ல் தொடங்கப்பட்டது. அதன் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் பாட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்ல. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து நிற்கிறவர்கள். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஹாண்டல் மானுவேல் அவர்கள் அந்தக் குழுவை நடத்தினவர்களில் ஒருவர். பெயரைப் பார்த்தீர்களா? 'மேசியா' என்ற பெரிய இசைப் படைப்பை எழுதின ஹாண்டலின் பெயர்! பெற்றோர் என்ன ஜெபம்பண்ணி வைத்தார்களோ.

சபைக்கு வெளியே இன்னொரு குழுவும் உண்டு. சினிமாவுக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன் அவர்கள் 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கினார். பாரதியார் பாட்டும் பல இந்திய மொழிப் பாட்டுகளும் அவர்கள் பாடுவார்கள். அவர் 1988-ல் காலமானார். அவர் கையிலெடுத்தது எவ்வளவு கஷ்டமான வேலை என்று குழு நடத்துகிறவனுக்குத்தான் புரியும். நம்முடைய ராகம் ஒரே இழையாகப் போகிறது. கமகம் என்று ஸ்வரத்தை அசைத்துப் பாடுவோம். தனியாள் அசைத்தால் அழகு. இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் குழம்புதான். ஆகையால் சேர்ந்து பாடும்போது எந்த அசைவை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். நம்முடைய கீர்த்தனைகளுக்கும் இதே கதைதான்.

எழுதப் படிக்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் குழுவில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். புதுப் பாட்டைக் கையில் கொடுத்தால் 'டோ, ரே, மீ' என்று முணுமுணுத்து ஐந்து நிமிஷத்தில் பாடிவிடுவார்கள். மற்றவர்கள் வாய் பிளந்து பார்ப்போம். டானிக் சோல்ஃபா என்கிற இந்த எழுத்து முறை எப்படி வந்தது தெரியுமா? நார்விச் பட்டணத்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உண்டாக்கின முறையை ஜான் கர்வன் என்ற இங்கிலாந்து போதகர் எடுத்து வளர்த்தார். 1841-ல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூடின ஒரு கூட்டத்தில், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடியுங்கள் என்று அவரிடம் ஒப்படைத்தார்களாம். அவர் சங்கீத வித்வான் அல்ல. தானே பாட்டு படிக்கக் கஷ்டப்பட்டவர். கஷ்டப்பட்டவன் கண்டுபிடித்தபடியால்தான் அது எளியவர்களுக்கு எட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். (எனக்கும் வேதாகமக் கல்லூரி டிப்ளமாவில் சங்கீதம் ஒரு பேப்பர் இருந்தது. வாங்கின மார்க் 42. இதையும் ஒளிக்க வேண்டாம்.)

சரி, அந்த மாடியில் என்னதான் நடக்கிறது?

சனிக்கிழமை ஆறு மணி என்று சொல்லுவோம். ஆறரைக்குத்தான் பாதிப் பேர் வருவார்கள். அடையாற்றில் இருக்கிறவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். தி.நகரிலிருந்து வருகிறவர்களும் மயிலாப்பூரிலிருந்து வருகிறவர்களும் மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்த நாளிலிருந்து பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. சகோதரிகள் ராத்திரிச் சமையலை முடித்து வைத்துவிட்டு வருகிறார்கள். மார்கழி நெருங்கினால் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டும். பையில் பனங்கற்கண்டு, ஃபிளாஸ்கில் வெந்நீர். மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி சீசன் நடக்கிற அதே மாதத்தில்தான் நமக்கும் கிறிஸ்மஸ் ஆராதனை. அந்த வித்வான்கள் விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ணாமல் மேடை ஏறுகிறதில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்து சாதகம் பண்ணாமல் கர்த்தருக்கு முன்பாக நிற்க நாம் எப்படித் துணிகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற குழுக்களில் புடவைக் கலருக்காக ரங்கநாதன் தெரு முழுக்க அலைந்து சண்டை போடுவார்களாம். நாம் வெள்ளைதான் என்பதால் அந்தச் சண்டை நமக்கு இல்லை. ஆனால் சகோதரர்கள் டை கட்டுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் பேசினார்கள். பிசாசுக்கு ஒரு சின்ன ஓட்டை போதும்.

முதல் கால் மணி நேரம் பாட்டே இல்லை, மூச்சுதான். தோள் உயராமல் வயிறு விரிய மூச்சு வாங்கப் பழக வேண்டும். ஒரு நீண்ட வரி வந்தால் அதைப் பாட ஒருவருக்கும் மூச்சு போதாது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் அங்கே பாட்டில் ஓட்டை விழும். ஆகவே பக்கத்தில் நிற்கிறவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: நீ இந்த வார்த்தைக்கு முன்னால் வாங்கு, நான் அதற்கடுத்த வார்த்தைக்குப் பின்னால் வாங்குகிறேன். நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் என் பாட்டை என் சகோதரன் தாங்குகிறான். கேட்கிறவர்களுக்கு வரி உடையாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது உச்சரிப்பு. அந்தப் பெரியவர் வந்த அன்று பதினோரு தடவை பாடினது இதற்காகத்தான். தமிழில் பாடுகிற குழுவுக்கு ஒரு தனித் தொந்தரவு உண்டு. 'பாட்டு', 'வீடு', 'கிழக்கு' இவைகளைச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'உ' முழு 'உ' அல்ல. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அதுதான். பேசும்போது உதடு குவியாது. ஆனால் பாட்டில் அந்த எழுத்தை நாலு தட்டுக்கு இழுக்க வேண்டி வந்தால் ஒருவர் உதட்டைக் குவித்து 'ஊ' என்பார், பக்கத்தில் இருக்கிறவர் பல்லைக் காட்டி 'இ' மாதிரி ஒன்று சொல்லுவார். ஸ்வரம் சரியாக இருந்தும் சத்தம் இரண்டாகப் பிளக்கும். ஆண்டவருடைய நாமத்திலேயே இந்தப் பிரச்சினை உண்டு. சிலர் 'யேசு' என்கிறார்கள், சிலர் 'ஏசு' என்கிறார்கள், சிலர் கடைசியில் 'ஸு' என்கிறார்கள். அரை மணி நேரம் அந்த ஒரே நாமத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அது வீணான அரை மணி நேரமா, நீங்களே சொல்லுங்கள்.

சுருதி இறங்குவது இன்னொரு வியாதி. கீபோர்டு இல்லாமல் நாலு சரணம் பாடிவிட்டுப் பிறகு ஸ்வரம் தட்டிப் பார்த்தால் அரை ஸ்வரம் கீழே நிற்போம். யாரும் வேண்டுமென்று இறங்குகிறதில்லை. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் மனசு சோர்ந்து ஒவ்வொன்றும் மயிரிழை தாழும். ஒருவர் தாழ்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் தாழ்வார். கடைசியில் எல்லாரும் சேர்ந்தே தாழ்ந்திருப்பதால் ஒருவருக்கும் தெரியாது.

பிராக்டிஸ் வேண்டாம் என்கிறவர்களைவிட, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று பிராக்டிஸுக்கு வராமல் புரோகிராம் அன்று மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்கிறவர்கள்தான் எனக்கு அதிகத் தலைவலி. ஹாண்டலுக்கே இப்படி ஒருவன் வாய்த்தான். 1741-ல் 'மேசியா'வை ஏறக்குறைய 24 நாளில் எழுதி முடித்துவிட்டு, அதை அரங்கேற்ற டப்ளினுக்குப் போகும் வழியில், கப்பலுக்கு ஏற்ற காற்று இல்லாததால் செஸ்டர் என்ற ஊரில் தங்கினார். சும்மா இருக்கிறானேன் என்று உள்ளூர்ப் பாடகர்களை வரவழைத்துச் சில பகுதிகளைப் பாடவைத்துப் பார்த்தார். ஜான்சன் என்று அச்சு வேலை செய்கிற ஒருவர், நல்ல கனத்த குரல், பாஸ் பாடுகிறவர். பார்த்தவுடன் பாடுவேன் என்று சொன்னவர், பாட்டு நடுவில் தடுமாறிப் போனார். ஹாண்டல் கோபத்தில் நாலைந்து பாஷையில் திட்டிவிட்டு, 'பார்த்துப் பாடத் தெரியும் என்றாயே' என்று கேட்டாராம். அதற்கு அந்த மனுஷன், 'பார்த்துப் பாடுவேன் ஐயா, ஆனால் முதல் பார்வையிலேயே அல்ல' என்கிற கருத்தில் பதில் சொன்னாராம். அப்போது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த பர்னி என்பவர் பிற்காலத்தில் இதை எழுதி வைத்தார். எனக்கு ஜான்சனைப் பிடிக்கும். உண்மையைச் சொன்னார், கூப்பிட்டபோது வந்து நின்றார். அடுத்த வருஷம் 1742 ஏப்ரல் 13-ஆம் தேதி டப்ளினில் 'மேசியா' முதல் முதலாகப் பாடப்பட்டது. அதில் வந்த காணிக்கையைக் கொண்டு கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் விடுதலையானார்கள். ஒத்திகை பார்த்த பாட்டினால் சிறைக் கதவு திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, கீபோர்டும் நின்றது. செல்போன் வெளிச்சத்தில் வரியின் கடைசி வார்த்தையை நாலு குரலாகப் பிடித்து நிறுத்தினோம். அப்போது எங்கள் தலைக்கு மேலே ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. ஒரு சகோதரி, "யாரு மேல பாடினது?" என்று கேட்டாள். ஒருவரும் பாடவில்லை.

உடனே சிலருக்கு உடம்பு சிலிர்த்தது. தேவதூதர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு குரலுக்குள்ளும் அதன் அடிச் சத்தத்தோடு மேல் சத்தங்களும் ஒளிந்திருக்கின்றன. கீழ்க்குரல் வினாடிக்கு 100 தடவை அதிர்ந்தால் அதற்குள் 200, 300 என்று மேல் அதிர்வுகளும் உண்டு. வேறொருவர் 150-ல் பாடினால் அதற்குள்ளும் 300 உண்டு. இரண்டும் மிகச் சரியாகச் சேர்ந்தால் அந்த 300 பலத்துத் தனிக் குரல் போலக் காதில் விழும். கொஞ்சம் விலகினாலும் விழாது. உச்சரிப்பு வேறுபட்டாலும் விழாது. ஃபேன் சத்தமும் கீபோர்டு சத்தமும் அதை இத்தனை நாள் மூடி வைத்திருந்தன. சிருஷ்டிகர் சத்தத்துக்குள் வைத்த ஒழுங்கு இது. தேவதூதர் வந்ததைவிட இது குறைந்த அதிசயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சத்தத்தைத் தேடுவதையே அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். பார்பர்ஷாப் பாட்டு என்று பெயர். ஆம், முடிதிருத்துகிற கடைதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கறுப்பின மக்கள் தங்கள் தெருவிலுள்ள முடிதிருத்தும் கடையில் முறைக்காகக் காத்திருக்கும்போது சேர்ந்து பாடிப் பழகினார்கள். வாத்தியம் கிடையாது. நாலே குரல்: லீட் ராகத்தைப் பாடுவார், டெனர் அதற்கு மேலே, பாஸ் அடியில், மிச்சமிருக்கிற சந்துகளையெல்லாம் பாரிடோன் அடைப்பார். ஒரு சின்ன ஊதுகுழலில் சுருதியை எடுத்துக்கொண்டு தொடங்குவார்கள். அதிர்வுகள் 4, 5, 6, 7 என்ற கணக்கில் நிற்கிற ஒரு ஸ்வரக் கூட்டு அவர்களுக்கு உயிர். 1938 ஏப்ரலில் ஓக்லஹோமா மாகாணத்தின் டல்சா பட்டணத்தில் ஓ.சி. காஷ் என்ற வரி வக்கீலும் ரூபர்ட் ஹால் என்பவரும் சும்மா பாடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 26 பேர். அது பெரிய சங்கமாக வளர்ந்தது. உத்தியோகஸ்தர், கடைக்காரர் எல்லாரும் வாரம் ஒரு ராத்திரி கூடிப் பழகுகிறார்கள்.

அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் ஒரு கறை உண்டு. 1963 வரைக்கும் கறுப்பினத்தார் உறுப்பினராக முடியாது என்று வைத்திருந்தார்கள். 1941-ல் நியூயார்க்கில் முதல் பரிசு வாங்கின ஒரு கறுப்பர் நால்வர் குழுவை, தேசியப் போட்டியில் பாடவிடவில்லை. அந்தப் பாட்டைக் கொடுத்தவர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இதை வாசித்தபோது 'அமெரிக்கா, அநியாயம்' என்று சொல்லிப் புத்தகத்தை மூட என்னால் முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒருவரை நிறுத்தினேன்.

அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிராக்டிஸுக்கு முதலில் வந்து பாய் விரிப்பவர் அவர்தான். 2016 கிறிஸ்மஸுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் பல சபைகள் சேர்ந்து நடத்தின பாடல் ஆராதனையில் நாமும் பாடுவதாக இருந்தது. அவர் ராகத்தைப் பலமாகப் பாடுவார். ஆனால் எப்போதும் சுருதிக்குக் கீழே. மேல் ஸ்வரம் வந்தால் கத்துகிற மாதிரி இருக்கும். மற்ற சபைக்காரர்கள் முன்பாக நம் மானம் போய்விடுமே என்று எனக்குப் பயம். டிசம்பர் முதல் வாரத்தில் படிக்கட்டில் அவரை நிறுத்தி, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. புரோகிராம் முடியற வரைக்கும் நீங்க வாயை மட்டும் அசைங்க, சத்தம் வேண்டாம்" என்றேன்.

"சரிங்க பாஸ்டர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மீதி எல்லா பிராக்டிஸுக்கும் வந்தார். பாய் விரித்தார். வாயை அசைத்துக்கொண்டு நின்றார். புரோகிராம் நன்றாக நடந்தது. எல்லாரும் கைகொடுத்தார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் மனைவி செல்போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பேத்தி ரெக்கார்டு பண்ணினதாம். "பாஸ்டர், எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுட்டேன். இவர் குரலை மட்டும் கண்டுபிடிக்கவே முடியலை. பக்கத்துல நிக்கிற தம்பி குரல்கூடக் கேக்குது. நீங்க பாட்டு தெரிஞ்சவங்க, எந்த இடத்துல கேக்குதுன்னு காட்டுங்களேன்" என்றார்கள்.

அவர் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசங்க பீடத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, "இத்தனை பேர் பாடும்போது ஒருத்தர் குரல் தனியா கேக்காதும்மா" என்று சொன்னேன். அவர்கள் நம்பிக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் என்னால் சரியாக ஜெபிக்க முடியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் இருவர் முன்பாகவும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். ரொம்ப நேரம் கழித்துக் காப்பி வந்தது. அவர் மட்டும், "விடுங்க பாஸ்டர். அதுலயும் ஒரு நன்மை நடந்துச்சு. பாடாம நின்னப்பதான் மத்தவங்க பாடுறதை முதல் தடவையா காது கொடுத்துக் கேட்டேன். கீழ ஒரு பாட்டு போகுதே, அது நல்லா இருக்கு" என்று சொல்லி, பாஸ் குரலின் வரியை முணுமுணுத்துக் காட்டினார். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும். சுருதி தப்பவில்லை.

தப்பு அவர் காதில் இல்லை, என் வேலையில்தான் இருந்தது. சாதாரணமாகச் சபைப் பாட்டை சகோதரிகளுக்கு வசதியான சுருதியில் எடுக்கிறோம். கனத்த குரல் உள்ள ஆண் அதில் மேல் ஸ்வரத்தை எட்ட முடியாமல் திணறுவான், அல்லது எட்டாமல் கீழே நிற்பான். நாம் அவனுக்குக் காது இல்லை என்று முத்திரை குத்துவோம். எல்லாருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே சுருதி பிடிபடாதவர்களும் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாய் ஒவ்வொரு ஸ்வரமாகப் பழக்க வேண்டும், நாள் பிடிக்கும். ஆனால் முதலில் அவரவர் குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது. கெனானியாவுக்கு இது தெரிந்திருக்கும். 42 மார்க் வாங்கினவனுக்குத் தெரியவில்லை.

அவரை பாஸ் வரிசையில் இரண்டு உறுதியான குரல்களுக்கு நடுவில் நிறுத்தினோம். லேத் சத்தத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்குச் சில எழுத்துகள் தெளிவாகக் காதில் விழுவதில்லை. அதற்காக என் வாயைப் பார்த்துப் பாடப் பழகினார். மூன்றாவது சரணத்தில் ஒரு இடம் அவருக்கு இன்னும் வழுக்குகிறது. அங்கே வரும்போது அவராகவே வாயை மூடிக்கொள்ளுகிறார். பாடுங்கள் ஐயா என்று சொன்னாலும் கேட்பதில்லை.

2017 கிறிஸ்மஸ் முடிந்ததும் அந்த அம்மா மறுபடியும் செல்போனோடு வந்தார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. "இதுலயும் கேக்கலையே பாஸ்டர்?" என்றார்கள். நானும் காதில் வைத்துக் கேட்டேன். பாஸ் ஒரே சத்தமாக இருந்தது. நானே தேடியும் அவரைப் பிரித்தெடுக்க முடியவில்லை. போன வருஷம் சொன்ன அதே வார்த்தையைத்தான் மறுபடியும் சொன்னேன், "இத்தனை பேர் பாடும்போது தனியா கேக்காதும்மா" என்று. இந்தத் தடவை அது உண்மை. அவர்கள் நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது.

இப்போது எட்டாம் வசனத்தை வாசியுங்கள். அந்த 288 பேரும் தேறினவர்கள்தான். ஆனாலும் முறை வைக்க வந்தபோது சிறியவன் பெரியவன் என்று பார்க்காமல், கற்றுக்கொடுக்கிறவன் கற்றுக்கொள்ளுகிறவன் என்று பார்க்காமல், எல்லாருக்கும் ஒன்றுபோலச் சீட்டுப்போட்டார்கள். ஆலயத்தில் மாணாக்கனும் பாடினான் என்று இதிலிருந்து அறிகிறோம். இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்போதே பாடினான்.

படியேறி வந்து கேட்ட ஐயா அவர்களுக்கு: அடுத்த சனிக்கிழமை வாருங்கள், கதவோரம் நிற்க வேண்டாம். உங்கள் குரல் பாஸா டெனரா என்று பார்த்துவிடலாம். பிராக்டிஸ் ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வந்தால் மாடியில் ஒருவர் பாய் விரித்துக்கொண்டிருப்பார், அவருக்கு ஒரு கை கொடுங்கள்.